பிரித்த சட்டை

சிறை வாசல் ஜன்னலில் இருந்த காவலர், அவள் கொடுத்த சட்டையின் பக்கத் தையலை இரண்டு விரலால் தடவிக்கொண்டே வந்து, இடுப்புக்கு நேராக நிறுத்தினார்.

“இங்க தடிப்பா இருக்கே. உள்ள என்ன வச்சிருக்க?”

“துணிதாங்க. கூடுதலா விட்டிருக்கேன். பின்னால உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்.”

“இங்க வந்து எவனுக்கும்மா உடம்பு போட்டிருக்கு?”

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

உள்ளே இருப்பவன் அவள் தம்பி. அடிதடி வழக்கு. மறுநாள் ஜாமீன் மனு வருகிறது. பிடித்துக்கொண்டு போனபோது போட்டிருந்த சட்டையோடுதான் இன்னும் இருக்கிறான். தோளில் கிழிசல், மார்பில் துவைத்தும் போகாத ரத்தக் கறை. அந்தக் கோலத்தில் போய் நிற்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். சட்டையில் உலோகம் கூடாது, பாக்கெட் கூடாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவள் வேலை பார்க்கும் தையல்கடையில் கெஞ்சி மிச்சத் துணி வாங்கித் தைத்த சட்டை. கூடுதல் துணி விட்டது மட்டும் கைப்பழக்கம்.

காவலர் பிளேடால் இரண்டு பக்கமும் பிரித்தார். ஒன்றும் இல்லை. அக்குளிலிருந்து கீழ்வரை சட்டை வாய் பிளந்து கிடந்தது.

“சரி, குடுத்துட்டுப் போ,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் கொடுக்கவில்லை. தையல் விட்ட துணியை இதுவரை யார் கையிலும் அவள் கொடுத்ததில்லை. இதோ தைத்துக் கொண்டுவந்துவிடுகிறேன் என்றாள். ஜன்னலை மூடிவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார் அவர்.

ஊசியும் கத்தரியும் உள்ளே வரக்கூடாதென்று பையை எதிரே செருப்புக்கடையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து தைத்தாள். கூடுதல் துணியை ஒட்ட வெட்டி எறிந்தாள். அவசரத்துக்கு நாலு பெரிய தையல் போட்டிருக்கலாம். கை வரவில்லை. கடைசி முடிச்சைப் போட்டு, நூலைக் கடித்து, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு ஓடியபோது ஜன்னல் சாத்தியிருந்தது.

தட்டினாள். நாளைக்கு வரச் சொல்லி உள்ளிருந்து குரல் வந்தது.

“நாளைக்குத்தாங்க கோர்ட்டு.”

மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, சட்டையோடு திரும்பினாள்.

மறுநாள் தம்பி பழைய சட்டையோடு கோர்ட்டுக்கு வந்தான். மனு தள்ளுபடியானது. புதுச் சட்டையை நீட்டினாள். வழியில் எதையும் வாங்கக் கூடாது என்று உடன் வந்த போலீஸ்காரர் சொன்னார். சாப்பிட்டாயா என்று தம்பி கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். பிறகு தையல்கடைக்குப் போனாள். பேன்ட் இரண்டு நீளம் குறைக்க வந்திருந்தன. குறைத்துக் கொடுத்தாள்.