அத்தானின் நெஞ்சில் தேரை

“மாசி ஏழு, புதன், காலை பத்தே கால். வலது நுரையீரல், மேல்பகுதி. டிஃப்யூஷன் படத்தில் வெள்ளை.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வெயிலா மழையா என்றுகூட எழுதவில்லை.

அத்தான், என் அக்காவின் கணவர், மயிலாடியில் சிலை கொத்துகிறவர். தையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் அவர் நெஞ்சில் ஒரு கட்டி தெரிந்தது. கல்தூசியை வருடக்கணக்கில் இழுத்தவர்களுக்குத் தழும்பும் அப்படித் திரளுமாம், புற்றாகவும் இருக்கலாமாம். இறுகிய நுரையீரலில் ஊசி போட்டுச் சதை எடுத்தால் காற்று கசியலாம் என்று முதலில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள்.

நாகர்கோவில் மருத்துவமனையில் ஸ்கேன் அறைக் கதவுக்கு வெளியே நானும் அக்காவும் இருந்தோம். உள்ளே எந்திரம் டக் டக்கென்று ஒரே சீராகச் சத்தம் போட்டது. அவர் பட்டறையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். ஆனால் இப்போது கல் இருக்கிற இடத்தில் அவர் படுத்திருந்தார்.

வெளியே வந்தவர் வலது காறை எலும்புக்குக் கீழே விரல் வைத்தார். “இங்கின வரும்போது சத்தம் அமுங்குது மக்கா. தேரைக் கல்லு மாதிரி.”

கொத்துவதற்கு முன் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோல் ஒலித்தால் நல்ல கல். ஓரிடத்தில் ஒலி அமுங்கினால் உள்ளே குழி இருக்கிறது, அதில் தேரை உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். அதில் உளி படாது. வேலியோரம் உருட்டிவிடுவார்கள்.

டாக்டரம்மா எங்களைத் திரைக்கு முன்னால் அழைத்தார். டிஃப்யூஷன் படத்துக்கு மாற்றினார். விலா எலும்பும் இதயமும் இருட்டில் கரைந்தன. ஆளையே விளக்கைப்போல் ஊதி அணைத்துவிட்டதாக இருந்தது. அத்தான் விரல் வைத்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ குந்தியிருந்தது. வலதுதானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

“ஒடம்புல தண்ணி நகர முடியாத இடம் இப்படி வெளுத்துத் தெரியும். ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளை பூச்சந்தையில ஆளு நகர முடியுமா? அதுமாதிரி செல்லு நெருக்கி நிக்குது. வெறும் தழும்பு பெரும்பாலும் இவ்வளவு வெளுக்காது. ஆனா ஊசி போட்டு எடுத்துப் பாக்காம புற்றுன்னு சொல்ல முடியாது,” என்றார் டாக்டரம்மா.

அத்தான் சட்டைப் பொத்தானைப் போட்டார். “தேரைக் கல்லுல நாங்க உளி வைக்கமாட்டோம்.”

“இது என்ன ஒங்க பட்டறைக் கல்லா?” என்றாள் அக்கா. “வேலியோரம் உருட்டிப் போட்டுட்டு நான் வேற கல்லு வாங்கவா?”

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மாசி பதினொன்று, ஞாயிறு. என்னைப் பட்டறை வேலியோரம் கூட்டிப்போனார். பாசி பிடித்த ஒரு கல்லைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் ஒலி செத்தது. பிறகு நடுவிரலால் தன் நெஞ்சைத் தட்டினார். இடது, வலது.

“கேட்டியா?”

கேட்டது. இரண்டும் ஒரே சத்தம்.

“இந்தக் கல்லப் பொளந்து பாப்போம். ஒண்ணும் இல்லேன்னா ஊசி போட்டுக்கிடுதேன்.”

நாலு ஆப்பு இறங்கியதும் கல் விண்டது. உடனே குனிந்து குழியை உள்ளங்கையால் மூடினார்.

“ஒண்ணும் இல்ல மக்கா.”

கையை எடுத்தபோது குழி காலியாக, ஈரமாக இருந்தது. அவர் உள்ளங்கையும் நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மாசி பதினாறு, வெள்ளி, ஊசி போட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. கல் விண்டபோதே குழி காலியாக இருந்தது என்பது அத்தான் சொன்னது. நான் பார்க்கவில்லை.