மூன்றாம் நாள்வரை இருக்கச் சொன்ன லெட்சுமி

“லெட்சுமி போயிட்டாங்க நானா” என்று அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் காலையிலேயே கடைக்கு வந்து சொன்னார். முஸ்லிம் கடைக்காரனான என்னை டவுனில் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். திறந்த கதவைப் பாதியில் விட்டுவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் பதுளை பஜாரில் அஞ்சலிப் பதாகை தொங்கியது. லெட்சுமியின் முகம், அதற்குப் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி. எந்த நீர்வீழ்ச்சிக்கு ஆள் கூட்டிப்போக மாட்டேன் என்று ஆயுசு முழுக்கச் சண்டை பிடித்தாரோ, அதன் முன்னாலேயே அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பதாகையை அடித்தது டவுன் பண்பாட்டு விழாக் குழு. அவர்களுக்கு வேறென்ன தெரியும்?

லெட்சுமியை அறிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, டவுனில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி நடத்தி, வருகிறவர்களுக்கு ஊரைக் காட்டியவர். நீர்வீழ்ச்சி, பாலம் என்று யாராவது வாயெடுத்தால், “அதுக்குப் போன்ல வழி இருக்குங்க, நான் எதுக்கு?” என்பார். அவர் காட்டியதெல்லாம் வேறு. பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள சந்து, வெள்ளைக்காரர்களின் பாசி பிடித்த கல்லறைகள், சனிக்கிழமை சாமான் வாங்க வரும் தோட்டத்துச் சனங்கள் மூட்டையை இறக்கிவைத்து ஊர்க்கதை பேசும் பஸ் ஸ்டாண்ட் மூலை. என்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனார். “பதுளையில பொறந்து பதுளையப் பாக்காத ஆளு நீங்க” என்றார். உண்மைதான். கல்லாவுக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது எதிர்க்கடை மட்டுமே.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு தம்பதி. நானும் வேனில் இருந்தேன். தேயிலை மலையைக் கண்டதும் கணவர் இறங்கி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் போனை நீட்டி, “கொஞ்சம் சிரிங்க” என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் விழித்தாள்.

“சிரிக்கச் சொல்றீங்களே, நீங்க என்ன வேடிக்கை சொன்னீங்க?” என்று லெட்சுமி கேட்டார். கத்தவில்லை, ஏசவில்லை. அந்த மனிதர் திரும்பும்வரை போனைக் கையில் எடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவர் மாற்றாத விதி ஒன்று உண்டு. மாசியில் அவர்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். சிவனின் கோபத்தில் காமன் எரிவான், ரதி வெள்ளை உடுத்திப் புலம்புவாள், மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பித்து எழுப்புவார்கள். எரிப்பைப் படம் பிடிக்கத்தான் ஊரே வரும். லெட்சுமியோ மூன்று நாளும் தங்கச் சம்மதிக்காதவர்களைக் கூட்டிப்போக மாட்டார். “எரிக்கிறதப் பாக்க வர்றவன் எழுப்புறதையும் பாத்துட்டுப் போகணும். பாதிச் சாவ மட்டும் பாத்துட்டுப் போறது என்ன பழக்கம்?”

இந்தக் கூத்தைத்தான் விழாக் குழு டவுன் மேடையில் அரை மணி நேரத்துக்குள் ஆடி முடித்துத் தரக் கேட்டது. “மூணு நாள மூணு நிமிஷமாகூட ஆக்கிக்கங்க. ஆனா எழுப்பாம விட்றாதீங்க” என்றார் லெட்சுமி. குழுத் தலைவர் தலையை ஆட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை? அன்று காமன் எரிந்ததும் பிரதம விருந்தினர் எழுந்தார். விருந்தினர் எழுந்தால் தலைவர் உட்காருவாரா? “எரிச்சாச்சுதானே, போதும்” என்று சொல்லி மைக்கை நிறுத்தச் சொன்னார். மேடையில் ரதியாக, வெள்ளைச் சேலையோடு, லெட்சுமியின் தம்பி செல்வராஜ் நின்றுகொண்டிருந்தார். காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுகிறவர். காமனை எழுப்பாமல் அவர் காப்பை அவிழ்க்க முடியாது, அவிழ்த்தால் தோட்டத்துக்கே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

“என் தம்பியத் தாலியறுத்து நிப்பாட்டிட்டு நீங்க சாப்பிடப் போறீங்களா?” என்று லெட்சுமி கேட்டார். தலைவர் காதில் விழாததுபோல் விருந்தினரின் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கூத்துக்காரர்களை அழைத்துக்கொண்டு லெட்சுமி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அதை ஒட்டியிருந்த என் கடை வாசலில் தப்பு முழங்கியது. மூட்டைகளோடு நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். மடுல்சீமை பஸ்காரர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார். அங்கேதான் காமன் எழுந்தான். செல்வராஜ் அழுதார். என் கண்ணும் கலங்கியது.

அதன்பிறகு குழு, விழாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் ஒருவரையும் அவருடைய விடுதிக்கு அனுப்பவில்லை, அனுப்ப இருந்தவர்களையும் தடுத்தது. அறைகள் காலியாகக் கிடந்தன. “வராட்டிப் போகட்டும் நானா. பாதியில எந்திரிச்சுப் போறவனுக்கு நான் பாய் விரிக்கவா?” என்பார். ஆனாலும் கடைசி இரண்டு வருடம் மிகவும் சிரமப்பட்டார். சொல்லிக்கொள்ளவில்லை.

அடக்கத்தன்று விழாக் குழுவினர் தோட்டத்துக்கே மூன்று வேன்களில் வந்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “எங்கள் பொக்கிஷம்” என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. மண் போட்டார்கள், படம் பிடித்தார்கள், மழை வருமுன் இறங்கிப் போய்விட்டார்கள்.

லெட்சுமியின் தோட்டத்தில் மூன்றாம் நாள் குழியில் பால் தெளிப்பார்கள். கடையைப் பூட்டிவிட்டுக் காலை பஸ்ஸில் போனேன். தேயிலைக்கு நடுவே செல்வராஜும் லயத்துக்காரர்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். பக்கத்தில் ஒரு பெரிய வாளி நிறையப் பால்.

“வேன்ல வந்தவங்க எல்லாம் வருவாங்கன்னு நெறைய வாங்கிட்டேன் நானா” என்றார் செல்வராஜ்.

லெட்சுமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த விதி ஒன்றுதான்: பாதியில் எழுந்து போகக்கூடாது. காமனைப்போல் அவர் எழமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் வாளி காலியாகும்வரை நின்று, கடைசிச் சொட்டுவரை அவருக்கே ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.