உச்சிப்புளித் தோப்பில் ஒரு சின்னப் புருஷன்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதான நான், குளியலறையில் ஒரு சிலந்தியைப் பார்த்து அலறி, துண்டோடு கூடத்துக்கு ஓடிவந்தேன். என் மனைவி தனலட்சுமி போய் அதை விளக்குமாற்றில் ஏற்றி வெளியே விட்டாள். அன்று பார்த்து, எங்கள் பரமக்குடியிலேயே உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பேசாம நம்ம கடைக்கு வந்துருங்க. கல்லாவுல உக்காந்தாப் போதும். அங்கன செலந்தி கெடையாது" என்றார்.

வேலையை விட்டுவிட்டு நான் எழுத உட்கார்ந்து இரண்டு வருடம் ஆகிறது. வீடு ஓடுவது தனலட்சுமியின் டீச்சர் சம்பளத்தில். "ஞாயித்துக்கெழமைக்குள்ள அண்ணனுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள் அவள். அந்தச் சிலந்தியை விட்டதே இவர்கள்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நண்பன் சேகரிடம் புலம்பினேன். "நீ பயந்தது பொம்பளச் செலந்திக்கா இருக்கும்" என்று ஆரம்பித்தான். பல சிலந்தி இனங்களில் பெண்தான் பெரிதாம். மழைக்காலம் முடிந்ததும் கடற்கரைத் தோப்புகளில் பொன்னிற வலை கட்டும் ஒரு சிலந்தி தென்படும். அதில் பெண் உள்ளங்கை அகலம், ஆண் குருணை அளவு, அவள் வலையிலேயே ஓரமாகக் குடியிருப்பான் என்றான். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. அதைப் படம் பிடித்து வந்து, 'பார், இயற்கையே இப்படித்தான்' என்று தனலட்சுமியிடம் வாதாடலாமே!

சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம். நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி நேரம். அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் உச்சிப்புளி, அரை மணி நேரம். நான்கு கிலோமீட்டர் தள்ளி, சேகர் சொல்லியிருந்த தோப்புக்கு, ஆட்டோக்காரர் காதர் நூற்றைம்பது கேட்டார்.

"அதிகமா இருக்கே?"

"அண்ணே, கோயிலுக்கு, கடலுக்குன்னா ஒரு ரேட்டு இருக்கு. செலந்திக்கு நான் என்னத்தக் கண்டேன்?"

தென்னைக்கும் வேலிக்கும் நடுவே வெயிலில் மஞ்சளாக மின்னியது வலை. நடுவில் அவள், கறுப்பில் மஞ்சள் கோடுகளோடு. நான் ஓடத் தோதாக ஒரு காலைப் பின்னால் வைத்துக்கொண்டேன். வலையின் ஓரத்தில் வெள்ளிப் பொட்டு மாதிரி ஒரு சின்ன உயிர். சிறு பூச்சி ஒன்று சிக்கியதும் அது மெல்ல நடந்து போய்த் தின்றது. அவள் கண்டுகொள்ளவே இல்லை. என்ன பெருந்தன்மை!

வலையை அளக்க டேப்பை எடுத்ததுதான் தப்பு. தோப்புக்காரம்மா அரிவாளோடு வந்துவிட்டார்.

"ஏலே காதரு! யார்லே இவுக? இங்கன என்னத்த அளக்குறாக?"

"செலந்தி பாக்க வந்துருக்காகக்கா."

"ஏன், வீட்டுல ஒட்டடை இல்லையாக்கும்? போன மாசம் ஒருத்தன் மயிலு பாக்க வந்தேன்னான். கடைசியில பாத்தா சோலார் கம்பெனிக்கு எடம் பேச வந்த புரோக்கரு!" டேப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

சேகர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். உடல் பெரிதானால் முட்டை அதிகம். அதனால் தலைமுறை தலைமுறையாகப் பெண் பெருத்துக்கொண்டே வந்தாள். ஆணுக்கு அந்தத் தேவை இல்லை. சீக்கிரம் பருவத்துக்கு வந்து அவளைத் தேடிப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆகவே அவன் சிறுத்துப்போகவில்லை, இவள்தான் வளர்ந்துவிட்டாள்.

அந்த அம்மா வலையை உற்றுப் பார்த்தார். "அப்ப அந்தப் பொடிசுதான் புருஷனா? என்ன வேல பாக்குது?"

நான் செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கக் குனிந்தேன்.

"நீங்க என்ன வேல பாக்குறீக?"

"எழுதுறேங்க."

என்னைப் பார்த்தார். மறுபடி வலையைப் பார்த்தார். டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, போட்டா எடுத்துக்கங்க. புரோக்கருன்னா இப்படி முழிக்க மாட்டான்."

போக நினைப்பவர்களுக்கு: மார்கழி, தை மாதங்கள் நல்லது. ஒன்பது மணிக்குள் போனால் வெயில் சாய்வாக விழுந்து வலை தெரியும். கருவேல முள் செருப்பைத் துளைக்கும், ஷூ போடுங்கள். தோப்புக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்தக் காரணம் கொண்டும் டேப் வேண்டாம்.

அன்று மாலையே படத்தைத் தனலட்சுமியிடம் காட்டி, அவள் வளர்ந்த கதை, அவன் வளராத கதை எல்லாம் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பாவம், அதுபாட்டுக்கு ஓரமா இருக்கு" என்று சிரித்தாள். அண்ணனைப் போனில் அழைத்து, இன்னும் ஒரு வருடம் இவர் எழுதட்டும் என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லாததால், சந்தேகத்தோடு படத்தைச் சேகருக்கும் அனுப்பினேன்.

ஞாயிறு காலை பதில் வந்தது. பெரியவள் நான் தேடிப்போன சிலந்திதானாம். ஆனால் வெள்ளியாக மின்னுவது அவள் புருஷன் இல்லையாம். அது வேறு இனம். அடுத்தவள் வலையில் ஒண்டிக்கொண்டு, அவள் பார்க்காதபோது திருடித் தின்று பிழைப்பது.