ஆர்டர்லி ரூமில் ஒரு ‘சரி’

வங்காளத்துக்குக் குடிவந்து லேக் மார்க்கெட்டில் போட்ட எங்கள் மளிகைக் கடையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள, நான் போலீசுக்கு உதவும் ஹோம்கார்டாகக் காக்கி போட்டுக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போவேன். அந்த உடுப்பென்றால் எனக்கு உயிர். அதைத்தான் பறிக்கப் பார்த்தார்கள்.

பூஜைக் கூட்டத்தில் கயிறு பிடித்து நின்றிருந்தேன். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர், வரிசையை இடப்பக்கம் திருப்பச் சொல்லி வங்காளத்தில் கத்தினார். “சரி, சரி” என்றேன். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. ஒலிபெருக்கி இரைச்சலில் அவர் காதில் அது “ஷொர், ஷொர்” என்று விழுந்திருக்கிறது. வங்காளத்தில் அதற்கு, “தள்ளிப் போடா” என்று அர்த்தம். ஊர் பார்க்கத் தன்னை விரட்டினாள் என்று மேலே எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர்.

எங்கள் விசாரணைக்கு ஆர்டர்லி ரூம் என்று பெயர். தொப்பியையும் பெல்ட்டையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றினேன். சட்டை தொளதொளவென்று தொங்க, மானமே போன மாதிரி இருந்தது. “வாயத் தொறந்து வம்ப வாங்காத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்று வீட்டுக்காரர் வேறு சொல்லி அனுப்பியிருந்தார்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் இன்ஸ்பெக்டர். நான் சொன்னது தமிழ் வார்த்தை என்றேன்.

“மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படி ஒரு கதை சொல்வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னை வேலையிலிருந்து நீக்கும் காகிதத்தை அதிகாரி எடுத்தார். அது காற்றில் படபடத்தது. தலையைத் தூக்காமலே வங்காளத்தில், “அந்த ஃபேனக் கொஞ்சம் கொறம்மா” என்றார்.

“சரி, சரி” என்று சுவிட்சை நோக்கி ஓடினேன். பாதி வழியில்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு இருவருமே சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அழுகை முட்டியது.

“இனிமே எஸ் சார்னு சொல்லப் பழகு” என்று எச்சரித்து அனுப்பினார் அதிகாரி. வெளியே வந்து பெல்ட்டை ஒரு ஓட்டை இறுக்கியே மாட்டினேன்.

இப்போதெல்லாம் வாய் தவறாமல் “எஸ் சார்” என்கிறேன். போன வாரம் லேக் கார்டன்ஸில் ஒரு ஊர்வலம். அதே இன்ஸ்பெக்டரின் ஜீப் வழியை அடைத்து நின்றது.

“சார், வண்டியப் பின்னால எடுங்க!” என்று வங்காளத்தில் கத்தினேன்.

ஜீப்புக்குள்ளிருந்து வங்காள உச்சரிப்பில் ஒரு தமிழ்ப் பதில் வந்தது: “ஷொரி, ஷொரி!”