நான் வெட்டித் தைத்த நாவலும் தாயில்பட்டி ஓட்டமும்

2008, ஆவணி மாதத்துச் சனிக்கிழமை. விருதுநகர் நூலகத்தில் ஒரு நவீன நாவலைப் புரட்டியவனுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

பத்து வருடத்துக்கு முன் அதே நாவலை வாங்கியிருந்தேன். முதல் அத்தியாயத்திலேயே நாயகி சாகிறாள், அப்புறம் கல்யாணம், அதற்கப்புறம் பெண் பார்க்க வருகிறார்கள். சிவகாசியில் இருபது வருடம் பைண்டிங் பார்த்தவன் நான். என் கைபடாத காலண்டர் தமிழ்நாட்டில் எந்த ஆணியிலும் தொங்கியதில்லை. தாள்களை எவனோ மாற்றி அடுக்கிவிட்டான் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். பிரித்தேன், கதை நேராகப் போகும்படி அடுக்கித் தைத்தேன், ஒத்துவராத பக்க எண்களை அடி ஓரத்தோடு வெட்டியெறிந்தேன். தைத்ததோடு சரி, முழுசாகப் படிக்கவில்லை.

நூலகப் பிரதியிலும் சாவுதான் முதலில் இருந்தது. பக்க எண்களும் ஒழுங்காக இருந்தன.

நான் தைத்த பிரதியோ தாயில்பட்டியில், பட்டாசுக் கம்பெனியில் வேலைபார்க்கும் என் அத்தை மகள் சங்கரேஸ்வரியிடம். அன்று மாலை ஐந்து மணிக்கு அந்த ஊர் வாசகர் கூட்டத்தில் அந்த நாவலைப் பற்றி முதன்முதலாக மேடையில் பேசப்போகிறாள். கேட்பவர்கள் எல்லாரும் ஒழுங்கான புத்தகத்தைப் படித்தவர்கள்.

நூலகப் பிரதியோடு 12.20க்குச் சிவகாசி பஸ். 26 கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். இடமிருந்தும் உட்கார முடியவில்லை. "அண்ணாச்சி, நீங்க நின்னா பஸ்ஸு வேகமாப் போகுமாக்கும்?" என்றார் கண்டக்டர். சிவகாசியில் நாற்பது நிமிடம் காத்து, அடுத்த பஸ்ஸில் ஆறு ரூபாய் கொடுத்துத் தாயில்பட்டி சேர்ந்தபோது மணி இரண்டரை.

சங்கரேஸ்வரி கூட்டத்துக்காக லீவு போட்டு வீட்டில்தான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வாசலில் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தாள்.

"நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன் அத்தான். கடைசியில அந்தச் சாவு நெஞ்ச உலுக்கிருச்சுன்னு. அம்புட்டுப் பேரும் சிரிச்சிருப்பாகளே."

காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றேன்.

"காய்ச்சல்ல நீங்க படுங்க. நான் போகணும்."

இரண்டு மணி நேரம் படித்தாள். நான் தெருவை நூறு தடவை அளந்தேன்.

கூட்டத்துக்கு முந்நூறு பேர், சரி, முப்பது. எழுதியதை மடித்து வைத்துவிட்டுப் பேசினாள். "எங்க அத்தான் கதைய நேராக்கித் தந்தாக. அதுல அவ சாகும்போதுதான் அழுதேன். இன்னைக்குச் சாவ மொதல்ல படிச்சேன். பொண்ணு பாக்க வாரப்ப அவ பூ வைக்கிறா பாருங்க, அங்கனயே அழுதுட்டேன். எழுதுனவரு தெரிஞ்சுதான் வச்சிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டல் வெம்பக்கோட்டை அணைவரை கேட்டிருக்கும். அந்த அத்தானைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எழுந்து தலைமை விருந்தினர் மாதிரி கும்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தப் பூ வைக்கும் பக்கத்தை நானே படித்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். காற்று என்று நினைத்திருப்பார்.

போகிறவர்களுக்கு: சிவகாசியில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், தாயில்பட்டியில் டீதான். நவீன எழுத்தாளர்களைக் கைவிட்டவர்கள் இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். நான் கைவிட்டிருந்த இன்னும் நாலு பேரை மறுநாளே தேடி எடுத்துவிட்டேன். அதில் ஒருவர் முற்றுப்புள்ளியே வைக்கமாட்டார். நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். கை பரபரக்கிறது, இதுவரை பேனாவைத் தொடவில்லை.