பதினோரு தூண்கள்

கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் கம்பிக்காரம்மா எந்தத் தாளையும் மூன்று தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். பெயிண்டரான அவள் கணவனோ நீட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிடுவான். சாக்கடை சரிசெய்ய என்று ஒருமுறை அவனிடம் வாங்கிய கையெழுத்து, வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று உருமாறி வந்து நின்றது. அன்று தட்டுமுட்டுச் சாமான்களோடு தெருவில் நின்றபோது அவளுக்கு முப்பது வயது. பிறகு இருபது வருடம், மாற்றி மாற்றி வாடகை அறைகள்.

அதனால்தான், பழைய பேருந்துப் பணிமனை இருந்த இடத்தில் இருநூறு வீடு வரப்போகிறது என்று வீட்டுவசதி அதிகாரியம்மா வந்து சொன்னபோது, கூட்டத்தில் கை தட்டாமல் நின்றவள் அவள் ஒருத்தி.

"அரசாங்கம் பத்திரம் போட்டு ஜனங்ககிட்ட கடன் வாங்கியிருக்கு. அந்தப் பணத்துலதான் கட்டுறோம். வேலைக்குப் பாதிப் பேரை இங்கேருந்தே எடுக்கணும். சம்பாத்தியத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வாடகை வாங்கக்கூடாது. ரெண்டும் நிபந்தனை" என்றாள் அதிகாரியம்மா.

"கடன்னா யாராவது திருப்பிக் கட்டணும்ல? அந்த யாராவது நாங்கதானே?"

"வாடகையும் வரியுமா முப்பது வருஷத்துல அடைஞ்சிடும்மா."

"அப்ப நாங்க வந்து கேக்க நீங்க இங்க இருக்கமாட்டீங்க."

கணவன் அவள் முந்தானையை இழுத்தான். "வேலை குடுக்க வந்தவங்களைப் போலீஸ் மாதிரி குடையுறியே!"

ஆனாலும் இருவரும் பேர் கொடுத்தார்கள். முடியப்போகும் முதல் கட்டடத்தில் அவனுக்குப் பெயிண்ட் வேலை. எழும்பத் தொடங்கிய இரண்டாவதில் அவளுக்குக் கம்பி கட்டும் வேலை. அவள் போனது பாதி கூலிக்கு, பாதி வேவு பார்க்க.

ஐந்து மாதம் ஒன்றும் அகப்படவில்லை. ஆறாவது மாதம், இரண்டாம் மாடித் தூண்களின் நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங் வளையங்கள் மட்டுக்கு மிஞ்சிக் குவிந்து கிடப்பதைப் பார்த்தாள். கீழே நின்று தூணில் சாண் வைத்து அளந்தாள். சரியாகத்தான் இருந்தது. ஏணி போட்டு ஏறினாள். ஆறு அங்குலத்துக்கு ஒன்று இருக்கவேண்டிய வளையம், மார்பு உயரத்துக்கு மேலே ஓரடிக்கு ஒன்றாய் நின்றது. அவள் விடுப்பெடுத்த இரண்டு நாளில் நடந்த வேலை.

மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் சிரித்தார். "மேல பாரம் கம்மிம்மா. உங்க வீட்டுக்காரருக்கும் இங்கதானே பொழப்பு? பார்த்து நடந்துக்குங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்றது. மதியமே வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரியம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில வர்றேன்" என்றாள். ஏன் இன்றைக்கே இல்லை? இவளும் கூட்டுக்களவாணியோ?

காலையில் பார்த்தால் இரண்டாம் மாடியின் பதினோரு தூணுக்கும் பலகை அடித்து மூடியிருந்தது. காங்கிரீட் வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அவள் வண்டியின் முன்னால் போய் நின்றுவிட்டாள். ஆள்கள் கூச்சல் போட்டார்கள். அந்நேரம் அதிகாரியம்மா வந்து, ஒரு பலகையைப் பிரிக்கச் சொல்லி, குனிந்து டேப் பிடித்தாள். ஆறு அங்குலம். அடுத்ததும் ஆறு. யாரோ கெக்கலி கொட்டினார்கள்.

"கீழ எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஏறிப் பாருங்க" என்றாள் கம்பிக்காரம்மா.

அதிகாரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினாள். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினாள். மேஸ்திரிக்கு அன்றோடு வேலை போயிற்று. பதினோரு தூண்களையும் பிரித்துக் கட்ட மூன்று வாரம் ஆனது. காங்கிரீட் ஆள்களுக்கு அத்தனை நாளும் கூலி இல்லை; அவர்கள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் கட்டடம் முடிந்ததும் அதன் வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. அவள் பேரும் விழுந்தது. கணவன் துள்ளினான். ஊர் வாய் சும்மா இருக்குமா? "காட்டிக்குடுத்ததுக்குக் கூலி" என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. நேரே அலுவலகத்துக்குப் போய், "குலுக்குன சீட்டையெல்லாம் காட்டுங்க" என்றாள்.

"உங்களுக்கு விழுந்ததையேவா?" அதிகாரியம்மா அசந்துபோனாள்.

"அதைத்தான் முதல்ல பார்க்கணும்."

இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, விண்ணப்பங்களோடு ஒவ்வொரு சீட்டையும் ஒத்துப்பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. ஒரே பேர் இரண்டு சீட்டில் இல்லை, விட்டுப்போனவரும் இல்லை. தேடி வந்தது கிடைக்காத எரிச்சலோடுதான் வீடு திரும்பினாள். குழாயடியில் நின்று, "நான் பார்த்தாச்சு. நம்பாதவங்க நீங்களும் போய்ப் பாருங்க. பெஞ்சு காலியாத்தான் இருக்கு" என்றாள். நாலு பேர் போனார்கள். அதன்பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

மூன்றாவது கட்டடத்துக்குக் கம்பி சரிபார்க்கும் ஆளாக அவளை அழைத்தார்கள். தன் வாயை அடைக்கத்தானோ என்று ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, அளவெடுத்ததை வாசலில் எல்லோரும் பார்க்க எழுதிவைப்பேன், அதற்குச் சம்மதமென்றால் வருகிறேன் என்றாள். சம்மதித்தார்கள். இப்போதும் அங்கே காலை எட்டு மணிக்கு, ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறாள்.