ஏழு மணிக்குப் போகும் நெட்

நெட் கனெக்‌ஷன் கொடுப்பது ஒரு நாள் வேலை. கொடுத்த நெட்டை வீட்டுக்குள் அறை அறையாகப் பங்கு வைப்பதுதான் ஆயுள் தண்டனை. முன்பு கேபிள் டிவிக்காகத் தென்னை மரம் ஏறினேன். இப்போது பைபர் வயருக்காக அதே தென்னை மரம் ஏறுகிறேன். மரம் வளர்ந்திருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வந்திருக்கிறது, மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. ஹாலில் நாலு கோடும் படுக்கையறையில் அரைக் கோடும் காட்டுகிற வீட்டில் குடியிருக்கும் அன்பர்களே, நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். நான் படும் பாடும் உங்களுக்குக் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பீரோவுக்குள் பெட்டி

ஆரம்பத்தில் எனக்கு அஞ்சுகிராமம் பக்கம் வேலை. ஒரு வீட்டில் ரூட்டரை, அதாவது நெட்டை வீடெங்கும் பரப்புகிற அந்தக் கொம்பு வைத்த பெட்டியை, ஹாலில் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரமே எந்த அறையிலும் நெட் கிடைக்கவில்லை என்று புகார். போய்ப் பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது படுக்கையறையில் இரும்பு பீரோவின் முதுகில் போட்டிருந்த ஓட்டைக்குள் நுழைந்தது.

வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறவர். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். பட்டுப்புடவைகளுக்கு நடுவே நாலு பச்சை விளக்குகளோடு ரூட்டர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இரும்புக்குள் வைத்தால் அலை வெளியே வராது என்று அரைமணி நேரம் விளக்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு பீரோவைத் திரும்பவும் பூட்டினார். “வெளிய வச்சா பக்கத்து வீட்டுக்காரன் இழுத்துருவான்லா” என்றார்.

ஒரு கூரை, இரண்டு அடுக்களை

பிறகு என்னைக் குலசேகரம் பக்கம் மாற்றினார்கள். அங்கே பேச்சிப்பாறை போகிற ரோட்டில் ஒரு வீடு. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு வீட்டுக் கதைதான். முன்பாதியில் ஞானதாஸ் அண்ணனும் அவர் மனைவி எஸ்தர் அக்காவும். அண்ணன் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பின்பாதியில் தம்பி செல்வனும் அவர் மனைவி லில்லியும். செல்வனுக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் உண்டு. அண்ணன் தம்பிக்குள் சண்டை சச்சரவு கிடையாது, அடுக்களைதான் இரண்டு. இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரே நெட் கனெக்‌ஷன். பெட்டி முன் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில்.

செல்வனின் மகள் ஜெனிஷா பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். ஏழாம் மாதம் ஆனதும் முதல் பேறுகாலத்துக்கு முறைப்படி அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நெட் ஒழுங்காகக் கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியும் ஒத்துக்கொண்டது. ஆனால் அவளுக்குக் கொடுத்த அறை வீட்டின் கடைசிக் கோடியில். நடுவில் இரண்டு வெட்டுக்கல் சுவர்கள், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாத கனம். அந்தச் சுவரைத் தாண்டி என் பெட்டியின் அலை போகாது. போனிலாவது சமாளிக்கலாம் என்றால் சிக்னல் ரப்பர் மரங்களோடு நின்றுவிடுகிறது. பேசாமல் முன்னறைக்கு மாறிக்கொள்ளச் சொன்னேன். பின்னறையில்தான் காற்று வரும், குளிமுறி பக்கத்தில், கூப்பிட்ட குரலுக்குத் தான் ஓடிப் போகலாம் என்று லில்லி அக்கா காரணங்களை அடுக்கினார். அப்புறமும் நான் வாயைத் திறந்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நெட்டு எங்க கிடைக்குதோ அங்க போய் கெடக்கதுக்கு அவ என்ன செல்போனா? மாசமா இருக்குத பிள்ளை.”

தனி வயர்

வேறு வழியில்லை. முன் ஹால் பெட்டியிலிருந்து பின்னறைக்கு ஒரு லேன் வயர் இழுத்தேன். வெளிப்பக்கமாக, ஓட்டு விளிம்பைப் பிடித்து, முற்றத்தைக் குறுக்கே தாண்டி, ஜன்னல் வழியாக ஜெனிஷாவின் மேசைக்கு. காலையில் ஆரம்பித்த வேலை முடியும்போது மணி மூன்று. சாப்பிடவில்லை. ஏணியிலிருந்து இறங்கினால் கீழே எஸ்தர் அக்கா நிற்கிறார். பிள்ளை வந்து, வயர் வரும்வரை முன்பக்கம் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணன் பார்க்கிற வீடியோ எல்லாம் நடுவில் நின்று சுற்றுகிறதாம். இந்த வயரால் அது இன்னும் மோசமாகுமா என்று கேட்டார்.

உள்ளதைச் சொல்வதென்றால், ஒரே நெட்டுதான், ஒரே பெட்டிதான், பெட்டியின் வேறொரு ஓட்டையில் இன்னொரு வயர் சொருகியிருக்கிறது, அவ்வளவே. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்ததும் வரும். எனக்கோ கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. “அக்கா, பின்னாடிக்குத் தனி வயர் போட்டாச்சு. இனி அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று ஒரே போடாகப் போட்டேன். எஸ்தர் அக்கா வயர் போகிற வழியை அண்ணாந்து பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. “அப்போ எங்க நெட்டு எங்களுக்கு, பிள்ளைக்க நெட்டு பிள்ளைக்கு. அது கொள்ளாம்.”

நல்ல கம்பி

பத்து நாள் ஒரு புகாரும் வரவில்லை. பிறகு ஒரு காலையில் பின்னறையில் நெட் அடியோடு இல்லை என்று போன். போனேன். முற்றத்தில் கால் வைத்ததுமே, ரப்பர் பாலை உறையவைத்து அடிக்கிற ஷீட்டின் புளித்த வாடை. என் வயரில் ஈர ஷீட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. எட்டு எண்ணினேன். வழக்கமாக ஷீட்டு காயப்போடுகிற கயிறு அறுந்துபோனதாம். தலைக்கு மேலே கட்டிய வயர் பாரம் தாங்காமல் என் நெஞ்சுக்கு இறங்கி, அந்த இழுப்பில் ஜன்னலோரத்தில் வயர் முனையின் ஜாக்கு பிய்ந்து தனியாக வந்துவிட்டிருந்தது. இத்தனை வருஷத்தில் வயரை எலி கடித்துப் பார்த்திருக்கிறேன், அணில் கடித்துப் பார்த்திருக்கிறேன். ரப்பர் காயப்போட்டுப் பார்த்தது அன்றுதான்.

செல்வன் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மகளின் வேலை இந்த வயரில்தான் ஓடுகிறது என்றதும் ஆள் பதறிப்போனார். ஆனாலும் குற்றம் முழுவதையும் ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. “நல்ல உறப்பான கம்பின்னு நெனச்சேன் தம்பி. ஒண்ணும் சொல்லாம கெட்டிட்டுப் போனா நாங்க என்னத்த கண்டோம்?”

அரை மணி நேரம் போதும்

புது வயரைச் சுவரோடு சுவராகக் கிளிப்பு அடித்துக் கொண்டுபோனேன். இனி ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட முடியாது. அதோடு விட்டது சனி என்று நினைத்தேன். விடவில்லை. அடுத்த புகார் விசித்திரமானது. பகலெல்லாம் நெட் நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போகிறது. ஏழரைக்குத் தானாக வந்துவிடுகிறது. வயர் போட்ட நாளிலிருந்தே அவ்வப்போது இப்படித்தானாம். இப்போது தினமும் ஆகிவிட்டது.

மூன்று தடவை போனேன். எனக்கு ஆறு மணியோடு வேலை முடியும் என்பதால் மூன்று தடவையும் பகலில். ஜாக்கை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், கடைசியில் பெட்டியையே மாற்றினேன். சோதித்தால் நெட் பறக்கிறது. மூன்றாவது தடவை ஜெனிஷா நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விவரம் சொன்னாள். ஏழு மணிக்குத்தான் வெளிநாட்டு ஆட்களோடு அவளுக்கு மீட்டிங். அன்றன்று செய்த வேலையை அவள்தான் காட்டிப் பேசவேண்டும். பேச ஆரம்பித்ததும் ஆள் மறைந்துபோகிறாள். இந்த வெள்ளிக்கிழமையும் இப்படி ஆனால் திங்கட்கிழமை பெங்களூர் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும், முடியாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலே இருக்கிறவர் தன்மையாகவே சொல்லிவிட்டாராம். வயிற்றுப் பிள்ளையோடு தனியாகப் பெங்களூரில் இருப்பதா, ஆறு வருஷ வேலையை விடுவதா என்று அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. “அண்ணே, எனக்கு ஏழு மணிக்கு அரை மணி நேரம் போதும். பாக்கி இருபத்தி மூணரை மணி நேரத்தையும் நீங்களே எடுத்துக்கிடுங்க.”

சுனிதாவின் தீர்ப்பு

எங்கள் ஆபீசில் புகார் எழுதுகிற பெண் சுனிதா. ஒரு மரமும் ஏறினதில்லை, ஒரு ஜாக்கும் குத்தினதில்லை. ஆனால் நாள் முழுக்க ஜனங்களின் குறைகளைக் காதில் வாங்கி வாங்கி அவளுக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. ஏழு மணிக்குப் போய் ஏழரைக்கு வருகிறது, எனக்கு மண்டை காய்கிறது என்று அவளிடம் புலம்பினேன். தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே சொன்னாள்: “மெஷினுக்கு மணி பாக்கத் தெரியாது அண்ணே. மணி பாக்குதது மனுஷன்தான்.”

கண்ணை மூடிய நேரம்

வெள்ளிக்கிழமை ஆறரைக்கே போய்விட்டேன். பின்னறையில் ஜெனிஷா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முன் ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பெட்டியின் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அக்கா சாயா கொண்டுவந்து வைத்தார். விளக்குகள் எரிந்தபடி இருந்தன. ஏழு அடிக்கப் போகும்போது அக்கா பாய் விரித்து வேதப்புத்தகத்தை எடுத்து வைத்தார். பின்பாதியிலிருந்து செல்வனும் லில்லியும் வந்தார்கள். ஏழு மணிக்கு அந்த வீட்டில் குடும்ப ஜெபமாம். ஜெனிஷாவுக்கு மட்டும் மீட்டிங் இருப்பதால் விலக்கு. எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது நான் மட்டும் நாற்காலியில் இருந்தால் மரியாதையாக இருக்காது. வலிக்கிற முழங்காலை மடக்கி நானும் பாயில் இறங்கிக் கண்ணை மூடினேன்.

டக் என்று ஒரு சத்தம். டிவியை நிறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஞானதாஸ் அண்ணன் ஜெபத்தை ஆரம்பித்தார். மழைக்காக, மரங்களுக்காக, கப்பலில் இருக்கும் மருமகனுக்காக. பிறகு குரல் தழுதழுத்தது. தங்கள் பிள்ளை ஜெனியின் வேலையில் எந்தத் தடங்கலும் வராமல் ஆண்டவர் காக்கவேண்டும் என்று கெஞ்சினார். லில்லி அக்கா விசும்பினார். அதே நேரம் பின்னறையிலிருந்து, ஹலோ, ஹலோ என்று ஜெனிஷாவின் குரல். ஒரு கண்ணைத் திறந்தேன். பெட்டியில் ஒரு விளக்கும் இல்லை. சுவிட்ச் பலகையிலிருந்து எஸ்தர் அக்காவின் கை அப்போதுதான் கூப்புவதற்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஜெபத்தின் நடுவில் எழுந்து நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. முழங்காலாலேயே தவழ்ந்து போய் சுவிட்சைப் போட்டேன். பெட்டிக்கு உயிர் வர மூன்று நிமிஷம் ஆகும். மூணு நிமிஷம் பொறுங்க என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆமென் சொன்னதும் எஸ்தர் அக்காவிடம் காரணம் கேட்டேன். அண்ணன் ஜெப நேரத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு வேதம் வாசிக்கிறேன் என்பாராம். ஒருநாள் எட்டிப் பார்த்தால் போனில் யாரோ தூண்டிலில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றே அக்கா நெட்டை நிறுத்தியிருப்பாராம். பிள்ளை வேலை கெட்டுவிடக் கூடாதே என்று பொறுத்திருந்தார். நான் வயர் போட்டுக் கொடுத்த பிறகுதான் மனச்சமாதானத்தோடு நிறுத்த ஆரம்பித்தார். முதலில் அண்ணன் போனை எடுக்கிற நாட்களில் மட்டும், பிறகு தினமும். “நீங்கதான தம்பி சொன்னிய, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு?”

பத்து நிமிஷம்

சுவிட்சை அணைத்தது அவர் விரல். அணைக்க வைத்தது என் வாய். பசியில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் திங்கட்கிழமை பெங்களூருக்குப் போகவேண்டுமா? விஷயத்தைச் சொன்னதும் எஸ்தர் அக்கா பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். தான் வளர்த்த பிள்ளையின் வேலையைத் தானே கெடுத்தேனே என்று தலையில் கைவைத்துக்கொண்டார். யாரும் பின்னறைக் கதவைத் தட்டவில்லை. ஐந்து பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஏழே முக்காலுக்கு ஜெனிஷா வெளியே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்து அவளே பயந்துபோனாள். அன்றைக்கு வெளிநாட்டு ஆட்களும் மேலே இருக்கிறவரும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வந்தார்களாம். அவள் ஹலோ சொன்னது காலித் திரையிடம்தானாம். நெட் போனதும் வந்ததும் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் காட்டிப் பேசிவிட்டாள். பெங்களூர் போகவேண்டாம். லில்லி அக்கா மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி ஜெப நேரத்தில் பெட்டியைத் தொடக் கூடாது, அண்ணன் போனை மட்டும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினால் போதும் என்று நானே யோசனை சொன்னேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது எஸ்தர் அக்கா பின்னாலேயே வந்தார். அழுத கண் இன்னும் காயவில்லை, ஆனால் பேச்சு பழையபடி நிமிர்ந்துவிட்டது. “நாங்க முட்டுக்குத்தி ஜெபிச்சதுனாலதான் அவனுவ பத்து நிமிஷம் பிந்தி வந்தானுவ. இல்லன்னா ஒங்க தனி வயரு என்னத்த செய்திருக்கும்?”

வயரும் ஜாக்கும் கிளிப்பும் மறக்காமல் கொண்டுபோகிற நான், வயர் இழுத்த அன்றைக்கு ஒரு பொட்டலம் சோறும் கட்டிக்கொண்டு போயிருந்தால் அந்த வீட்டுக்கு நடந்த பாதி நடை மிச்சமாகியிருக்கும்.